ஒன்பதாம் நம்பர் சிக்னல்

டிரைவர் ஐயாசாமி அண்ணன் அன்னாசிப் பழத்தோடு என் மேசையைத் தாண்டிப் போனார். நான் கையைக்கூட நீட்டிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை. நேராகப் போய் ருமானாவின் மேசையில் வைத்தார்.

"பெக்கான் நானாஸ்ல மச்சான் தோட்டத்துப் பழம், பிள்ள. நல்லா இனிக்கும்."

ஐந்து வருஷமாக அந்த மச்சான் தோட்டத்துப் பழம் திங்கட்கிழமைதோறும் என் மேசைக்குத்தான் வரும். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் காலண்டரைத் திருப்பினேன்.

எங்களுடையது பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் கம்பெனி. நூற்றிருபது பஸ். எந்த பஸ்ஸில், எந்த ஸ்டாப்பில், யார் யார் ஏற வேண்டும் என்ற லிஸ்ட், ஷிப்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒவ்வொரு டிரைவரின் போனுக்கும் போக வேண்டும். லீவு போட்டவர், ஓவர்டைம் நிற்பவர், புதிதாகச் சேர்ந்தவர் என்று அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அத்தனையும் என் மேசைக்குப் பின்னால் ஏர்கான் அறையில் இருக்கும் ஒரே ஒரு டேட்டாபேஸ் சர்வரில் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் அதை ஏற்றி வைத்தவள் நான். கம்பெனியில் எனக்கு மொத்தம் பதினோரு வருஷம்.

சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ருமானா எங்களிடம் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வயது இருபத்தெட்டு. அவளுடைய வாப்பா கூலாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வந்த இரண்டாவது மாதம் அவள் ஒரு காரியம் செய்தாள். அதுவரை டிரைவர் லிஸ்ட் பட்டனைத் தட்டினால் நாற்பது விநாடி காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்கு டிரைவர்கள் என் பெயரையே சேர்த்து "பிரேமலா டைம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு சிகரெட் பற்ற வைக்கலாமாம். ருமானா கை வைத்த பிறகு லிஸ்ட் இரண்டு விநாடியில் வந்தது.

எங்கள் மேனேஜர் ராஜசேகரன் சார் அசந்துபோனார். பஸ் அனுப்பும் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டு, "எப்படிமா செஞ்ச? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றார்.

பதினோரு வருஷத்தில் என்னிடம் ஒருநாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

"நம்ம சர்வரும் இந்த ரூம் மாதிரிதான் சார்" என்று ஆரம்பித்தாள் ருமானா. "அந்த அலமாரிதான் டிஸ்க்ல இருக்கிற ஃபைல். எல்லா விவரமும் கடைசியில அங்கதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் அலமாரியத் திறந்து தேடினா நேரம் போயிடும். அதனால அடிக்கடி வேணுங்கிற பக்கத்த எடுத்து இந்த வெள்ளப் பலகையில போட்டு வெச்சுக்கும். பலகைதான் மெமரி. எல்லாருக்கும் பொது."

"சரி."

"டிரைவர் ஒருத்தர் லிஸ்ட் கேட்டா, வாசல்ல நிக்கிற சூப்பர்வைசர் அவருக்குன்னு ஒரு கிளார்க்கக் குடுப்பார். அந்தக் கிளார்க்குக்குப் பேருதான் ப்ராசஸ். நூறு டிரைவர் கேட்டா நூறு கிளார்க். எல்லாரும் ஒரே பலகையத்தான் பாப்பாங்க, ஒரே பலகையிலதான் திருத்துவாங்க."

"திருத்திக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சுன்னா? பலகை அழிஞ்சிடும்ல?" என்றார் சார். நல்ல கேள்விதான். அதுவும் எனக்கு எரிந்தது.

"அதுக்குத்தான் சார் டூட்டி புக். பலகையில திருத்தினா உடனே அலமாரியப் போய் மாத்த மாட்டாங்க. அது மெதுவான வேல. முதல்ல புக்ல ஒரு வரி எழுதுவாங்க. எழுதி முடிச்ச பிறகுதான் டிரைவருக்குச் சரின்னு பதில். அலமாரிய வேறொருத்தர் அப்புறம் நிதானமா சரி பண்ணுவார். கரண்ட் போனாலும் புக் இருக்கும். அதப் பாத்து எல்லாத்தையும் திரும்ப எழுதிக்கலாம்."

"அப்ப இத்தன நாள் எதுக்கு லேட்டாச்சு?" என்று கேட்டார் ஐயாசாமி அண்ணன்.

ருமானா ஒரு கணம் தயங்கினாள். "பலகை சின்னது அண்ணே. சுவர் முழுக்க இடம் இருக்கு. நாம ஒரு கடித உறை அளவுக்குத்தான் மாட்டியிருந்தோம்."

அவள் 'நாம' என்றாள். 'அக்கா மாட்டினது' என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

விஷயம் உண்மை. சர்வரில் முப்பத்திரண்டு ஜிபி மெமரி இருந்தது. டேட்டாபேஸை ஏற்றியபோது பொதுமெமரிக்கான வரியில் தானாக வந்த அளவு நூற்றிருபத்தெட்டு எம்பி. ஓடுகிறதே என்று அந்த ஒரு வரியை ஆறு வருஷம் நான் தொடவேயில்லை. ருமானா அதைப் பதினாறு ஜிபியாக மாற்றியிருந்தாள். அவ்வளவுதான். ஒரு வரி.

அந்த ஒரு வரிக்குப் பிறகு சார் காலையில் தே தாரேக் தேநீர்க் கப்போடு அவள் மேசைக்குப் போனார். டிரைவர்கள் போன் செய்து, "ருமானா இருக்கா?" என்றார்கள். என் நாற்காலி, என் சர்வர், என் ஏர்கான் அறை எல்லாம் அங்கேயேதான் இருந்தன. ஆனால் எனக்குத்தான் விருந்தாளியாக வந்தவள் மாதிரி ஓர் உணர்வு.

இதற்கிடையில் செடெனாக்கில் புதிய டிப்போ திறப்பதாக முடிவானது. அங்கே சிஸ்டம் பிரிவுக்குத் தலைவர் ஒருவர் வேண்டும். எங்கள் இருவரில் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை அறிவிப்பதாகச் சொன்னார் சார். எனக்கு அந்த வேலை வேண்டும். அதைவிட, அது அவளுக்குப் போகக் கூடாது.

புதன்கிழமை மதியம் செடெனாக் தொழிற்சாலைகளிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். கண்ணாடி அறையில் பெரிய திரை. ஒரு வருஷத்து ஓட்டம் முழுவதையும் ஒரே ரிப்போர்ட்டாக எடுத்துக் காட்டப் போவது ருமானா. பக்கத்தில் சார், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் வெளியே என் மேசையில் இருந்தேன். என் திரையில் ப்ராசஸ்களின் வரிசை. எந்தக் கிளார்க் யாருக்காக என்ன வேலை செய்கிறான் என்று அதில் தெரியும். 20417 என்ற எண்ணுக்கு நேராக ருமானாவின் பெயர். ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்தது.

அது நடுவில் நின்றுபோனால் திரையில் சிவப்பாக ஒரு வரி வரும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும். ஒரே ஒரு சிவப்பு வரி.

ஒரு ப்ராசஸை நிறுத்த மரியாதையான வழி உண்டு. கிளார்க்கின் முதுகைத் தட்டி, போதும் என்று சொல்வது மாதிரி. அவன் கையில் இருப்பதை ஒழுங்காக வைத்துவிட்டுப் போவான். ஆனால் போகும்போது, நிர்வாகி சொன்னதால் போகிறேன் என்று சர்வரின் லாக் ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டுப் போவான். டூட்டி புக் வேறு, இது வேறு. இது சர்வரில் நடப்பதையெல்லாம் மனிதர்கள் படிப்பதற்காக எழுதிவைக்கும் ஃபைல். நிர்வாகிகள் இரண்டே பேர், நானும் அவளும். அவளே அவளை நிறுத்தியிருக்க மாட்டாள்.

இன்னொரு வழி ஒன்பதாம் நம்பர் சிக்னல். அதை ப்ராசஸ் தடுக்கவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. அந்த நிமிஷமே கதை முடிந்துவிடும். செத்தவன் என்ன எழுதிவைக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

இரண்டு மணி பத்து நிமிஷம். கட்டளையை அடித்தேன். எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தேன். தட்டினேன்.

கண்ணாடிக்கு உள்ளே திரை சிவந்தது. சாரின் சிரிப்பு உறைந்தது. இரண்டு விநாடி எனக்கு இனித்தது, அந்த அன்னாசிப் பழத்தைவிட.

மூன்றாவது விநாடியில் என் திரையில் இருந்த வரிசை முழுவதும் மறைந்தது. பஸ் அனுப்பும் அறையில் ஒரு போன் அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே.

அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு கிளார்க் மார்க்கரைக் கையில் பிடித்தபடி பலகைக்கு முன்னால் செத்து விழுந்தால், அவன் பாதியில் எதை எழுதினான், எதை அழித்தான் என்று யாருக்கும் தெரியாது. பலகை எல்லோருக்கும் பொது. அதில் ஒரு எழுத்தைக்கூட இனி நம்ப முடியாது. அதனால் வாசல் சூப்பர்வைசர் மிச்சமிருக்கும் எல்லாக் கிளார்க்கையும் வெளியே அனுப்பிவிடுவார். பலகையைத் துடைப்பார். டூட்டி புக்கைத் திறந்து, கடைசியாக அலமாரியைச் சரிபார்த்த இடத்திலிருந்து ஒவ்வொரு வரியாகத் திரும்ப எழுதுவார். அது முடியும்வரை யாருக்கும் கதவு திறக்காது. இதெல்லாம் நான் படித்ததுதான். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ப்ராசஸை அப்படிக் கொல்ல எனக்கு இதுவரை அவசியம் வந்ததில்லை.

"அலமாக், என்ன தங்கச்சி இது? போன்ல ஒண்ணுமே இல்ல" என்று வாசலில் வந்து நின்றார் ஐயாசாமி அண்ணன். "லிஸ்ட் இல்லாம நான் யார ஏத்துறது? ரோட்டுல நிக்கிறவங்களயெல்லாமா?"

சர்வர் திரும்பி வர ஆறு நிமிஷம் ஆனது. நூற்றிருபது பஸ்களும் ஒரே நேரத்தில் லிஸ்ட் கேட்டதில் இன்னும் கொஞ்ச நேரம் போனது. முப்பது பஸ் தாமதமாகக் கிளம்பின. ஆனால் ஒரு பெயர்கூடத் தொலையவில்லை. இரண்டு மணி ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு பெண் போட்ட லீவுகூட அப்படியே இருந்தது. டூட்டி புக் தன் வேலையைச் செய்திருந்தது. போனது ருமானாவின் ரிப்போர்ட் மட்டும்.

விருந்தாளிகளை அனுப்பிவிட்டு சார் வந்தார். "ஏன் விழுந்துச்சு? லாக்கத் திறங்க."

திறந்தேன். ருமானா என் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையில் இருந்தது: 'ப்ராசஸ் 20417, ஒன்பதாம் சிக்னலால் முடிக்கப்பட்டது.'

செத்தவன் எழுதவில்லைதான். வாசல் சூப்பர்வைசர் எழுதிவிட்டார். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"ஐயோ" என்றாள் ருமானா மெல்ல. "என் ரிப்போர்ட்."

திரும்பினேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

"சார், என் தப்பு. மெமரி தீந்துபோனா மெஷினே ஒரு பெரிய ப்ராசஸப் பிடிச்சு இதே சிக்னலால கொன்னுடும். பலகைக்கு நான் ரொம்ப எடம் குடுத்துட்டேன். ரிப்போர்ட் ஓடுறதுக்கு எடம் பத்தல போல."

நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொண்டேன்.

"பழையபடி மாத்திடுங்க" என்றார் சார். "பிரேமலா, நீங்களே மாத்துங்க."

ஐந்து மணிக்குக் கூட்டம் குறைந்ததும் அந்த வரியில் நூற்றிருபத்தெட்டு என்று என் கையாலேயே அடித்தேன்.

வியாழக்கிழமை பிரேமலா டைம் திரும்பி வந்தது. நாற்பது விநாடி.

"என்ன தங்கச்சி, பழைய சாமானையே திரும்ப மாட்டிட்டியா?" என்றார் ஐயாசாமி அண்ணன். கையில் ஒரு டப்பா. இந்தத் தடவை அன்னாசியைத் தோல் சீவி, துண்டு போட்டு, புளிப்பான அசாம் பொடிகூடத் தூவியிருந்தார். என்னைத் தாண்டிப் போனார்.

"சாப்பிடு பிள்ள. தப்பு யாருக்குத்தான் வராது? நான் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டுறேன், எத்தன கம்பத்துல இடிச்சிருக்கேன். ஒரு தடவையாவது நான்தான்னு சொல்லியிருப்பேனா? கம்பம் நகந்துச்சுன்னு சொல்லுவேன்."

அறை முழுக்கச் சிரித்தது. காலையிலிருந்து அவளிடம் வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு பேர். ஒருவர் தோளில் தட்டினார், ஒருவர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார். எல்லோரும் சொன்னது ஒன்றுதான். பாவம், எவ்வளவு நேர்மையான பிள்ளை.

பஸ்களைத் தாமதமாக்கியது நான். சர்வரைச் சாய்த்தது நான். அந்தத் தப்பை அவள் எடுத்துக்கொண்டுபோய் அதற்கும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் மதியச் சாப்பாடே சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டம். சார் சுருக்கமாகப் பேசினார்.

"செடெனாக்குக்கு பிரேமலா போறாங்க. அனுபவம்னா அனுபவம்தான்."

கைதட்டினார்கள். மழை தூறி நின்றது மாதிரி ஒரு கைதட்டல்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார் சார். "ருமானா. செஞ்ச தப்ப அந்த இடத்துலயே நின்னு ஒத்துக்கிட்டாங்க. இந்தக் கம்பெனியில நான் பாத்த பெரிய விஷயம் அது."

இப்போது விழுந்ததுதான் கைதட்டல். ஐயாசாமி அண்ணன் மேசையைத் தட்டினார். யாரோ விசிலடித்தார்கள். ருமானா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயித்தவள் நான். விசில் அவளுக்கு.

"அது அவ தப்பு இல்ல சார்" என்றேன். எழுந்து நின்றதுகூட எனக்குத் தெரியாது.

சார் உருகிப்போனார். "பாத்தீங்களா? விட்டுக் குடுக்குறாங்க பாருங்க. இதுதான் பெரிய மனசு."

"பெரிய மனசெல்லாம் இல்ல சார். மெமரி தீந்துபோகல. ஒன்பதாம் சிக்னல அனுப்பினது நான்."

ருமானா தலையை நிமிர்த்தினாள்.

"என்ன சிக்னல்? யாருக்கு?" என்றார் ஐயாசாமி அண்ணன்.

"ருமானாவோட கிளார்க்க நான்தான் அடிச்சுக் கொன்னேன் அண்ணே. அவன் ஒருத்தன்தான் விழுவான்னு நெனச்சேன். ரூமே காலியாயிடுச்சு."

"அவன் என்ன செஞ்சான் உனக்கு?"

"அவன் ஒண்ணும் செய்யல. எனக்குப் பொறாம."

அந்தச் சொல்லை அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் கைதட்டவில்லை. ஒப்புக்கொண்டதற்கு அவளுக்குக் கிடைத்த விசில் எனக்குக் கிடைக்காதா என்று, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் காத்திருந்தேன்.

சார் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் பேசியது இருபது நிமிஷம். செடெனாக் ருமானாவுக்குப் போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். சர்வரின் சாவியைப் பிடுங்கவில்லை, பிடுங்கினால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு நான் எதை மாற்றினாலும் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ரெண்டு மணி லிஸ்ட்டுக்கு முன்னால அந்த மெமரி நம்பரத் திருத்திடுங்க" என்றார் கடைசியாக.

பாதி டிரைவர்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். டிப்போ அமைதியாக இருந்தது. ருமானா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்தே தெரியும் அக்கா" என்றாள் திடீரென்று.

"என்ன தெரியும்?"

"மெமரி தீந்து மெஷின் கொன்னிருந்தா, மெஷின் தன்னோட பதிவுல ஒரு வரி எழுதியிருக்கும். நேத்து மதியம் தேடினேன். ஒண்ணும் இல்ல. அப்ப அது யாரோ கையால அனுப்பினது. அந்தக் கை ரெண்டே பேருக்குத்தான் இருக்கு."

"சொல்ல வேண்டியதுதான?"

"யாரு நம்புவா? வந்து மூணு மாசம். நீங்க பதினோரு வருஷம். செடெனாக் வேல கைவிட்டுப் போயிடும்னு பொறாமையில பழி போடுறான்னு சொல்வாங்க." அவள் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசினாள். "எனக்கு ஆத்திரம் என்னன்னா, நான் ஒண்ணு சொன்னா லாக்கக் காட்டு, அதக் காட்டு, இதக் காட்டுன்னு கேக்குறாங்க. நீங்க சொன்னா ஒருத்தரும் லாக்கத் திறக்கிறது இல்ல. அப்படியே நம்புறாங்க. வந்த நாள்லேருந்து எனக்கு அது ஆகல."

"உனக்கா? என் மேலயா?"

"ஆமா லா. ஏன், உங்களுக்கு மட்டும்தான் வருமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாள்.

"பதினாறு போடுங்க."

"எட்டு" என்றேன்.

"ஏன் எட்டு?"

"பலகை பொது. ஆனா ஒவ்வொரு கிளார்க்கும் சொந்தமா ஒரு மேசை போட்டு லிஸ்ட்ட வரிசைப்படுத்துறான். ரெண்டு மணிக்கு நூத்திருபது மேச. அதுக்கும் எடம் வேணும். செடெனாக் ஆளும் சேந்தா என்னைக்காவது ஒருநாள் நெஜமாவே மெமரி தீந்துபோகும். அப்ப மெஷினே ஒன்பது அனுப்பும்."

அவள் கணக்குப் போட்டாள். விரலை மடக்கினாள், நீட்டினாள். எட்டு என்று அடித்தேன். சர்வரை நிறுத்தி ஏற்றினேன்.

இரண்டு மணிக்கு ஐயாசாமி அண்ணனின் பஸ் எண்ணைப் போட்டு லிஸ்ட் பட்டனைத் தட்டினோம். நேரம் திரையின் மூலையில் தெரிந்தது. ஒன்றே முக்கால் விநாடி.

ருமானாவின் முகம் லேசாகச் சுருங்கியதை நான் பார்த்தேன். பதினாறு இருந்தபோது வந்த நேரம் இரண்டு. அந்தக் கால் விநாடி என்னுடையது.